வடக்கு வரிசை

அந்தத் தர்ம ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் இருபது இரும்புக் கட்டில்கள். தெற்குச் சுவரை ஒட்டித் தலைமாடு வைத்துப் பத்து, வடக்குச் சுவரை ஒட்டித் தலைமாடு வைத்துப் பத்து. கட்டிடத்தைக் கட்டிக்கொடுத்த ராவ்பகதூர் காற்று வருகிறதா, வெளிச்சம் விழுகிறதா, தன் பெயர் பொறித்த கல் ரோட்டிலிருந்து தெரிகிறதா என்றெல்லாம் பார்த்தார். திருச்சிராப்பள்ளியில் எவள் வடக்கே தலைவைத்துப் படுப்பாள் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அந்த யோசனையைச் செய்தவள் ஆயா ராக்கம்மாள். நோயாளி வந்து சேர்ந்ததும் ஆபீஸ் கிளார்க் ஒரு கட்டில் நம்பர் போட்டுக் கொடுப்பார். பொழுது சாய்வதற்குள் ராக்கம்மாள் அதைத் திருத்திவிடுவாள். வாய் உள்ளவர்கள் தெற்கு வரிசைக்குப் போவார்கள். வடக்கு வரிசையில் மற்றவர்கள். பாலக்கரை முஸ்லிம் பெண்களுக்குத் திசைக் கணக்கு வேறு. வேதக்காரக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கணக்கே கிடையாது. மிச்சம் இருந்தது கூலிக்காரிகள். படுக்க ஒரு கட்டில் கிடைத்ததே பெரிசு, இதில் தலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று கிடந்தார்கள்.

ஆள் மாறுவார்களே தவிர, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட் மாறாது. சார்ட்டை ஆயா தொடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. ஆளைத் தொடலாம்.

இதனால் இதுவரை யாரும் செத்ததாகக் கேள்வி இல்லை. வார்டு நர்ஸுகளுக்கு முகம் தெரியும். எந்த மருந்து எந்த முகத்துக்கு என்று அவர்கள் மனசில் ஒரு கணக்கு ஓடும். செத்தவர்களில் யாராவது இதனால்தான் செத்தார்களா என்று கேட்டுப் பார்க்கவும் வழியில்லை.

1963ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் நர்ஸிங் ஸ்கூலின் இரண்டாம் வருஷப் பிராக்டிகல் பரீட்சை அந்த வார்டில் நடந்தது. பரீட்சை என்றால் வார்டு நர்ஸுகளை வெளியே அனுப்பிவிடுவது வழக்கம். உள்ளே நின்றால் பிள்ளைகளுக்குச் சைகை காட்டிவிடுவார்களாம். எழுதப் போகிற பிள்ளைகளும் வேறு வார்டிலிருந்துதான் வர வேண்டும். ஆக, அன்று காலை ஏழு மணியிலிருந்து அந்த வார்டில் நோயாளிகளின் முகம் தெரிந்த ஒரு நர்ஸும் இல்லை. முகம் தெரிந்தவள் ஆயா ஒருத்திதான். அவளைத் தரை மெழுகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவதாகக் கூப்பிடப்பட்டவள் வீராயி. இருபது வயது. அவள் அம்மா பொன்மலையில் ரயில் எஞ்சின் சாம்பல் அள்ளுகிற கூலி. போன தடவை இதே பரீட்சையில் வீராயிக்குத் தொப்பி ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது என்று பெயில் போட்டார்கள். இந்தத் தடவையும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெட்டியோடு போக வேண்டிய இடம் சாம்பல் குழி. அது அவளுக்கும் தெரியும், அவளைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் தெரியும்.

மதராஸிலிருந்து வந்திருந்த பரீட்சை அதிகாரியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நர்ஸிங் ஸ்கூல் சூப்பரின்டென்டென்ட் மிஸஸ் பாக்கியநாதன். பாக்கியநாதன் என்பவர் அந்த அம்மாளின் கணவர். போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அம்மாளின் சொந்தப் பெயர் என்ன என்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது.

"பதினாலாம் நம்பர்," என்றார் மதராஸ் அம்மாள். "இன்சுலின் ஊசி. பன்னிரண்டு நிமிஷம். ஆரம்பி."

மதிப்பெண் தாள் அவர் கையில் இருந்தது. டிரே துணியை மடித்து விரிக்கப் பத்து. படுக்கை விரிப்பின் மூலை மடிப்புக்குப் பத்து. உடுப்புக்கும் தொப்பிக்கும் பத்து. ஊசி போடப் பதினைந்து. முகமலர்ச்சிக்கு மூன்று. நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு இரண்டு. இந்த இரண்டு மதிப்பெண்ணை வாங்கப் பிள்ளைகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். "அம்மா உங்க பேரென்ன" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் பஞ்சால் கையைத் துடைத்துவிடுவார்கள். கேட்டதற்குத்தான் மதிப்பெண். பதிலுக்கு இல்லை.

வீராயி சார்ட்டைப் படித்தாள். ரெங்கம்மாள், கணவர் பெயர் ரங்கசாமி, வயது நாற்பது. சர்க்கரை வியாதி. எட்டு நாளாகக் காலை மாலை இன்சுலின். இன்று காலை நாற்பது யூனிட், அதற்குப் பிறகு ஆகாரம். மூத்திரப் பரிசோதனை எட்டு நாளும் செங்கல் சிவப்பு.

சிரிஞ்சைக் கொதிதண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்தாள். மருந்தை ஏற்றினாள். குறியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தாள். டிரே துணியின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. தொப்பி நேராக இருந்தது. மிஸஸ் பாக்கியநாதனின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அம்மா, உங்க பேரென்ன?"

கட்டிலில் கிடந்தவள் கறுத்து, காய்ந்த உடம்புக்காரி. எழுந்து உட்காரப் பார்த்தாள். "ரெங்கம்மாதாங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. நேரமாகுது."

"அது எப்புடிங்க நான் சொல்றது?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலக்கரை மஜீதா தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள். கல்லீரல் வீக்கத்துக்காகப் பத்து நாளாகப் படுத்திருப்பவள். அவளுக்கு வீங்காதது வாய் மட்டும்தான். "ஏம்மா, உசுரு போனாலும் அவங்க சொல்ல மாட்டாங்க. வேணும்னா அவங்க ஊட்டுக்காரர் பேரை நான் கேட்டுச் சொல்றேன். என் ஊட்டுக்காரர் பேரு வேணும்னா அவங்களைக் கேளு, நானும் சொல்ல மாட்டேன்."

"பேசக் கூடாது," என்றார் மிஸஸ் பாக்கியநாதன்.

"ஜாடையாச் சொல்லுங்கக்கா," என்றாள் மஜீதா, அந்த அதட்டல் தனக்கு இல்லை என்பது மாதிரி.

"காவேரிக்கு நடுவுல படுத்திருக்காருல்ல..." என்றாள் கட்டில்காரி, முந்தானைக்குள்ளிருந்து. "அவரு பேரு. கடைசியில சாமின்னு வரும்."

"ரங்கசாமியா?"

அவள் தலையை ஆட்டினாள். வெட்கத்தில் அந்தக் காய்ந்த முகம்கூட ஒரு நிமிஷம் கல்யாணப் பெண் முகமாகிவிட்டது.

"பேரு பொருந்திடுச்சு," என்றார் மதராஸ் அம்மாள். "புரொசீட். மூணு நிமிஷம் போச்சு."

"திருச்சியில அந்தப் பேரு தெருவுக்கு இருபது பேரு," என்று மஜீதா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வீராயி கட்டில்காரியின் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பஞ்சால் துடைத்தாள். அப்போதுதான் நின்றாள். அந்தக் கையில் ஒரு ஊசித் தழும்பும் இல்லை. வெயிலில் கருகிய தோல், பச்சை குத்திய ஒரு தேள், அவ்வளவுதான். மற்றக் கையைப் பார்த்தாள். அதிலும் இல்லை.

"அம்மா, உங்களுக்கு எங்க ஊசி போடுவாங்க? தொடையிலயா?"

"போடுவாங்கம்மா."

"தினமும் போடுறாங்களா?"

"ஆமாங்க."

"சர்க்கரை வியாதிதானே?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

"தொடையைக் காட்டுங்க." அங்கேயும் சுத்தமாக இருந்தது. "எட்டு நாளா போட்டாங்களா?"

"நான் வந்தே மூணு நாளுதாங்க ஆச்சு," என்றாள் அவள், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. குடிச்சா அடிப்பேன்னாங்க."

ஊசிக்குப் பிறகு ஆகாரம் என்று சார்ட் சொல்கிறது. இவளை யாரோ பட்டினி போட்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குத்தான் பட்டினி போடுவார்கள். சர்க்கரை இல்லாத உடம்பில், வெறும் வயிற்றில், நாற்பது யூனிட் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பும். அதற்குள் தியேட்டரில் ஏற்றி மயக்க மருந்தும் கொடுத்துவிட்டால், அந்த மயக்கத்துக்குள் இந்த மயக்கம் இருப்பது எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆபரேஷனில் போனாள் என்று எழுதி ஒப்படைத்துவிடுவார்கள். ரங்கசாமியும் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போவார்.

வீராயி சிரிஞ்சை டிரேயில் வைத்துத் துணியால் மூடினாள்.

"என்ன?" என்றார் மதராஸ் அம்மாள்.

"இவங்க மூத்திரத்தை டெஸ்ட் பண்ணிட்டுப் போடுறேன் மேடம்."

"அது தாளில் இல்லை."

"தெரியும் மேடம்."

மிஸஸ் பாக்கியநாதன் எழுந்து வந்து காதோடு பேசினார். "உனக்குப் பைத்தியமா? பேரு சரி, புருஷன் பேரு சரி, கட்டில் நம்பரு சரி. இன்னும் என்ன வேணும் உனக்கு? குத்திட்டுப் போயேன்டி."

"ஊசித் தடம் இல்ல மேடம்."

"ஆஸ்பத்திரியில தழும்பைப் பார்த்தா ஆளைக் கண்டுபிடிக்கிறோம்? பெட்டியைக் கட்டணும்னு ஆசையா இருக்கா?"

வீராயி தடுப்புத் திரையை இழுத்துப் போட்டுப் பெட்பானை வைத்தாள். தண்ணீர் குடிக்காத உடம்பு. வருவதற்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. திரைக்கு இந்தப் பக்கம் மதராஸ் அம்மாள் மடியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சை நடத்தியவர். பெட்பானுக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

வார்டுக் கோடியில் பெட்பான் கழுவும் அறை. அங்கே ஸ்பிரிட் விளக்கும் பெனிடிக்ட் மருந்து பாட்டிலும் இருந்தன. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டு, தீயில் காட்டினாள் வீராயி. சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறி, கடைசியில் செங்கல் நிறத்துக்குப் போக வேண்டும். கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. இன்னொரு தடவை செய்தாள். அதே நீலம்.

வாசலில் மண்ணெண்ணெய்த் துணியோடு ராக்கம்மாள் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஊசியைப் போட்டுட்டியா?"

"இல்லக்கா."

"என்னைப் பெத்த தாயே!" என்று அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "அந்த ஊசி ஸ்ரீரங்கத்து மாமிக்கு உள்ளது. அது அஞ்சாம் நம்பருல கிடக்கு. இவ அஞ்சாம் நம்பருக்கு வந்தவ. சூப்பரின்டென்ட் அம்மா முன்னாடி நான் எப்புடிச் சொல்றது? சொன்னா என் வேலை போயிருமே."

"ரெண்டு பேருமே ரெங்கம்மாளா?"

"ரெண்டு பேரு புருசனும் ரங்கசாமி. ஐயங்காருன்னு எழுத எடமில்லைன்னு கிளார்க்கு உட்டுட்டாரு."

அதற்குள் வார்டில் கூச்சல் எழுந்தது. தியேட்டர் ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்து, ஐந்தாம் நம்பர் கட்டிலில் இருந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன், ஐந்தாம் நம்பர், ரெங்கம்மாள் என்று அவர்கள் கையில் சீட்டு இருந்தது. பயந்த நோயாளிகள் ஏதேதோ சொல்லித் தப்பப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் அனுபவம். ஆகவே காதில் வாங்கவில்லை.

"விடுங்கோடா! நேக்கு வயத்துல ஒரு உபாதையும் இல்லே! நேக்குச் சர்க்கரைடா பிரம்மஹத்தி!" கீழச்சித்திரை வீதி ரெங்கம்மாள் மாமி கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ரங்கா! ரங்கா!" என்று பாதி கத்திவிட்டு, அது அகத்துக்காரர் பெயரும் ஆயிற்றே என்று நினைவு வந்து, "பெருமாளே!" என்று மாற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்க மாமி, வலிக்காது, மூக்குல துணியை வைப்பாங்க, அவ்வளவுதான்," என்றான் கால்பக்கம் பிடித்திருந்தவன்.

வீராயி ஓடி வந்து ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே நின்றாள். கையில் நீலக் குழாய் இன்னும் சூடாக இருந்தது. "இறக்குங்க. இவங்க இல்ல. நீங்க தேடுறவங்க பதினாலுல இருக்காங்க."

"சீட்டுல அஞ்சுன்னு இருக்கே."

"சீட்டைக் கொண்டுபோய் அறுங்க. ஆளை இறக்குங்க."

மாமியை இறக்கினார்கள். மாமி புடவையைச் சரிசெய்துகொண்டு மிஸஸ் பாக்கியநாதனைப் பார்த்துச் சொன்னார்: "பெருமாளே மேற்கே தலை வெச்சு, தெற்கே பார்த்துண்டு சயனிச்சிண்டிருக்கார். நான் வடக்கே தலை வெச்சுக்கணுமா? அதான் ஆயாகிட்டே மாத்தச் சொன்னேன். அதுக்கு வயத்தைக் கிழிக்கிறதா தண்டனை?"

"பதினாலுல தலையணையைக் கால்பக்கம் போட்டிருந்தாப் போதுமே மாமி, தெற்கே தலை வந்திருக்குமே," என்றாள் வீராயி.

மாமி யோசித்தார். "அது சரிதான். யாரும் சொல்லலியே."

"தலையணை கால்பக்கம் வந்தால் வரிசை கெட்டுப்போகும்," என்றார் மிஸஸ் பாக்கியநாதன் உடனே. "எல்லாத் தலையணையும் சுவர்ப்பக்கம்தான் இருக்கணும். உறையோட வாய் வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். அது விதி." திசை விஷயத்தில் இந்த அம்மாளை ஸ்ரீரங்கத்து மாமியால் ஜெயிக்க முடியாது.

மதராஸ் அம்மாள் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். "இருபத்தேழு நிமிஷம்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. நடந்தது என்ன என்று புரிந்து அவருக்கும் வியர்த்திருந்தது. தாளை மேலும் கீழும் பார்த்தார். ஊசி போட்டதற்குத்தான் அதில் இடம் இருந்தது. போடாமல் விட்டதற்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பேனாவை மூடிக்கொண்டு காபி குடிக்கப் போனார்.

மத்தியானம் மிஸஸ் பாக்கியநாதன் வீராயியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். மேஜைமேல் கர்த்தர் படம், கணவர் படம், காகிதம் குத்தி வைக்கிற குத்தூசிக் கட்டை.

"நடந்ததை எழுதிக் கொடு. நோயாளிகள் ரெண்டு பேரும் ஆயா பேச்சைக் கேட்டு, நர்ஸுகளுக்குத் தெரியாம, நேத்து ராத்திரி கட்டில் மாறிப் படுத்தாங்கன்னு எழுது. எக்ஸாமினர்கிட்ட நான் பேசிட்டேன். சரியான ஆளுக்கு ஊசி போட்டு முடிச்சேன்னு போட்டுக்கலாம். பாஸ்."

"நேத்து ராத்திரி மாறல மேடம். மாமி வந்த எட்டு நாளா மாறித்தான் இருக்கு. நர்ஸுகளுக்கும் தெரியும்."

"தெரியும்னு எழுதினா அந்த வார்டுல ஆறு நர்ஸுக்கு மெமோ வரும். எனக்கும் வரும். ஆயான்னு எழுதினா ஒரு ஆயாவோட போயிடும்." தாளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க அம்மா எத்தனை மணிக்குச் சாம்பல் அள்ளப் போறா?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேடம்."

"நினைச்சுப் பார்த்து எழுது."

வீராயி நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுதினாள். இந்த வார்டில் சார்ட் ஒரு கட்டிலிலும் ஆள் ஒரு கட்டிலிலும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சார்ட்டைத் தொட அதிகாரம் உள்ள யாரும் அதை மாற்றவில்லை. நானும் என் வார்டில் ஒரு வருஷமாகக் கட்டில் நம்பரைப் பார்த்துத்தான் ஊசி போட்டிருக்கிறேன். யாருக்காவது மாற்றிப் போட்டேனா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நோயாளிகளுக்கு ஒரே பெயர் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

மிஸஸ் பாக்கியநாதன் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். "உன்னையே நீ மாட்டிவிட்டிருக்கே. இது மேலே போனா நீ பெயில்."

"போகலைன்னா அடுத்த பரீட்சையில வேற பிள்ளை குத்திடும் மேடம்."

அந்த அம்மாள் தாளை இரண்டு கையாலும் பிடித்தார். தாளைக் கிழிப்பார் என்று வீராயி எதிர்பார்த்தாள். கிழிக்கவில்லை. மடித்து உறையில் போட்டு, பெரிய டாக்டருக்கு என்று மேலே எழுதினார். தைரியம் என்று சொல்ல முடியாது. பெரிய டாக்டர் அதற்குள் தியேட்டரில் கத்த ஆரம்பித்தது அம்மாளின் காதிலும் விழுந்திருந்தது, எப்படியும் விஷயம் வெளியே வந்துவிடும்.

சாயங்காலம் முடிவு வந்தது. பெரிய டாக்டர் ஸ்கூலுக்கே வந்து மேஜையைத் தட்டினார். ஊசி போடாமல் நின்ற பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் தானும் போய்விடுவதாகச் சொன்னார். கமிட்டிக்காரர்கள் அவரை இழக்கத் தயாராக இல்லை. விதியை இழக்கவும் தயாராக இல்லை. ஆகவே வீராயி பெயில், ஆனால் பெட்டி கட்ட வேண்டாம். இன்னும் ஆறு மாசம் அதே வருஷத்தில் இருந்து மறுபடி எழுத வேண்டும். வார்டில் கட்டில் நம்பர்களைப் பெரிய எழுத்தில், சிவப்புப் பெயின்டால் எழுத உத்தரவாயிற்று.

பெண்கள் வார்டில் ராக்கம்மாள் அவளுக்காகக் காத்திருந்தாள்.

"என் பேரை எழுதினியா?"

"இல்லக்கா."

"பொறகு யாரு மாத்தினதுன்னு எழுதின?"

"எல்லாரும்னு."

ராக்கம்மாள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "எல்லாரும்னா யாரைத் தள்ளுறது? அதான் உன்னைப் புடிச்சுக்கிட்டாங்க. ஆறு மாசமாமே?"

"ஆறு மாசம்."

"உங்க அம்மா என்ன சொல்லும்?"

"திட்டும்."

"திட்டட்டும், திட்டட்டும். ஆபரேஷன் ஆன அந்த ரெங்கம்மா கண்ணு முழிச்சிருச்சு, தண்ணி தண்ணின்னு உசுர எடுக்குது. குடுக்கலாமா கூடாதா? எனக்குச் சொல்ல அதிகாரமில்ல, நீ வந்து சொல்லு."

வீராயி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டாள்.

"இப்ப குடிக்கக் கூடாது, வாந்தி எடுத்துப் புரையேறிடும். உதட்டை நனைச்சு விடலாம். நீங்க தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிங்கக்கா," என்றாள்.